அம்மி என்று ஒன்று இருந்ததாம்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போகிறவர்கள் முட்டுக்காட்டில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் படகு சவாரிக்காகத்தான். அதே முட்டுக்காட்டில், சாலையை ஒட்டியே இன்னோர் இடமும் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்காரலாம். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கேரளத்து ஓட்டு வீடு. இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆந்திரக் கடலோரத்தின் வட்டமான மண் வீடு. அரை நாளில் தென்னிந்தியாவின் வீடுகளைச் சுற்றி வந்துவிடலாம். அந்த இடத்தின் பெயர், தட்சிணசித்ரா.

சென்னைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், 10 ஏக்கர் பரப்பில் இருக்கிறது இந்த அருங்காட்சியகம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை 1996-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. அமைப்பை உருவாக்கியவர், அமெரிக்காவில் பிறந்து சென்னைக்கு வாழ வந்த டெபோரா தியாகராஜன். வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணம் உண்டு. இங்குள்ள பல வீடுகள் மாதிரிகள் அல்ல. சொந்த ஊரில் இடிபடக் காத்திருந்த நிஜ வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, உத்தரம் உத்தரமாகப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது தேக்குத் தூண்களை. அடுத்து செல்ஃபி எடுப்பது திண்ணையில். ஆனால், வீட்டின் உண்மையான கதை முன்கட்டில் இல்லை. அது பின்பக்கம், அடுப்படியில் இருக்கிறது. பெரியவர்கள் சட்டென்று நின்றுவிடுவதும், பிள்ளைகள் “இது என்ன?” என்று கேட்பதும் அங்கேதான். அப்படிக் கேட்க வைக்கும் பொருள்களில் ஒன்று, அம்மி.

அருங்காட்சியகக் குறிப்பு எழுதினால்...

மிக்சி, கிரைண்டர் வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்காக அம்மியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘பொருள்: அம்மி. செய்பொருள்: கருங்கல். உறுப்புகள்: இரண்டு. கீழே இருப்பது நீள்சதுரமான கல் பலகை. மேலே இருப்பது இரு முனையும் சற்றே ஒடுங்கிய உருளைக் கல். அதன் பெயர் குழவி. மின்சாரம் தேவையில்லை. சார்ஜ் போட வேண்டாம். மூடி கிடையாது, எனவே, தொலையாது. இயக்குபவர் தரையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, குழவியை இரு கைகளாலும் பிடித்து, முன்னும் பின்னும் தள்ளி இழுப்பார். தேங்காய், மிளகாய், மல்லி, சின்ன வெங்காயம் ஆகியவை இதில் விழுதாக்கப்பட்டன. வாரண்டி: இரண்டு மூன்று தலைமுறை.’

இந்தக் குறிப்பில் ஒரே ஒரு தவறுதான் இருக்கிறது. ‘விழுதாக்கப்பட்டன’ என்ற இறந்தகாலம்.

ஏனென்றால், இந்தக் குறிப்பைப் படிக்கும் பிள்ளையின் அப்பத்தா ஊரில் இன்றைக்குக் காலையிலும் அம்மியில் துவையல் அரைத்திருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்ட மற்ற பழம்பொருள்களுக்கும் அம்மிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு அது அன்றாடப் பொருள், இன்னொருவருக்குப் பாடப்புத்தகப் படம்.

நான்கு மாநிலம், ஒரே கல்

தட்சிணசித்ராவைச் சுற்றிவரும்போது ஒன்று புரியும். மாநிலத்துக்கு மாநிலம் கூரை மாறுகிறது, வாசல் மாறுகிறது, முற்றம் மாறுகிறது. அரைக்கும் கல் மட்டும் பெரிதாக மாறவில்லை. தமிழில் அம்மி. மலையாளத்தில் அம்மிக்கல்லு. தெலுங்கில் சன்னிகல்லு. இலங்கையில் சிங்களவர்கள் சொல்வது மிரிஸ்கல, அதாவது மிளகாய்க் கல். வட இந்தியாவில் அதுவே சில்-பட்டா. கடல் கடந்து மெக்சிகோவுக்குப் போனால், எரிமலைக் கல்லில் செய்த மெட்டாட்டே. சோளத்தை அரைக்க அங்கேயும் மண்டியிட்டு, அதே போல முன்னும் பின்னும் தள்ளுகிறார்கள்.

சிந்துவெளியின் மொகஞ்சதாரோ அகழாய்வில் அரைகற்கள் கிடைத்திருக்கின்றன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அடுப்படியில் இருந்த ஒரு பெண் இன்றைக்கு எழுந்து வந்தால், கேஸ் அடுப்பையும் ஃபிரிட்ஜையும் பார்த்துத் திகைப்பார். அம்மியைப் பார்த்ததும் உட்கார்ந்து அரைக்கத் தொடங்கிவிடுவார்.

அம்மிக்குக் கூடப் பிறந்தவர்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை.

ஆட்டுக்கல்: இட்லி, தோசை மாவுக்கு. நடுவில் குழியுள்ள கனமான கல். அந்தக் குழிக்குள் நிற்கும் உயரமான குழவி. ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு கைக்கும் தாளம் தப்பினால் விரல் நசுங்கும்.

உரல், உலக்கை: நெல் குத்த, மாவு இடிக்க. உலக்கையின் முனையில் இரும்புப் பூண் இருக்கும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒன்றோடு ஒன்று மோதாது.

திருகை: உளுந்து, பயறு உடைக்க, கேழ்வரகு திரிக்க. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கற்கள், மேல் கல்லில் ஒரு கைப்பிடி. சில ஊர்களில் இதற்கு ‘எந்திரம்’ என்றே பெயர். இன்றைய பிள்ளைகளிடம் எந்திரம் என்றால் ரோபோ ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு அந்தச் சொல்லைக் கேட்டதும் உளுந்தம்பருப்பு ஞாபகத்துக்கு வந்தது.

அரைப்பதற்கு ஒரு வரிசை

அம்மியைப் பார்த்தால் இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைக்க முடியாது. அதற்கு வரிசை உண்டு. முதலில் காய்ந்த மிளகாய், கூடவே கல் உப்பு. உப்புக்கல்லின் சொரசொரப்பு மிளகாய்த் தோலைக் கிழித்துக் கொடுக்கும். பிறகு மல்லி, சீரகம் போன்றவை. அவை பொடிந்த பிறகு தேங்காய். சின்ன வெங்காயம் கடைசியில். அதை அரைக்கவும் கூடாது, குழவியால் ஒரு நசுக்கு நசுக்கி எடுக்க வேண்டும். நடுநடுவே விரல் நுனியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதிகமானால் மசாலா அம்மியிலிருந்து வழிந்து ஓடிவிடும், குறைந்தால் குழவி நகராது.

அரைத்து முடித்ததும் விழுதைக் கையால் வழித்து உருட்டி எடுத்த பிறகு, அம்மியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் கீழே போகாது, குழம்புக்குள் போகும். ஒரு துளி மசாலாவும் வீணாகாத கணக்கு அது.

ருசி ஏன் மாறுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மிக்சியின் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றி, பொருளை வெட்டுகிறது. வெட்ட வெட்ட ஜார் சூடாகிறது. அம்மியில் குழவி பொருளை நசுக்கித் தேய்க்கிறது. சூடு அதிகம் ஏறுவதில்லை. தேங்காயின் பாலும் மிளகாயின் காரமும் ஒன்றோடொன்று கலந்து விழுதாக வருகின்றன. துவையலில் அங்கங்கே நாக்கில் தட்டுப்படும் சின்னச் சின்னத் திப்பிகள் கூட ருசியின் ஒரு பகுதிதான்.

கொத்தினால்தான் அரைக்கும்

அம்மிக்குத் தேய்மானம் உண்டு. அரைத்து அரைத்துக் கல் வழுவழுவென்று ஆகிவிட்டால், குழவி வழுக்கும், மசாலா அரைபடாது. அப்போது கல்லைக் கொத்த வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு, அம்மியின் முகம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பொளிவார்கள். “அம்மி கொத்தலையோ... ஆட்டுக்கல் கொத்தலையோ...” என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

கொத்திய அம்மியில் உடனே சமையலுக்கு அரைக்க மாட்டார்கள். முதலில் தவிடோ, ஒரு பிடி அரிசியோ போட்டு அரைத்து, வழித்துக் கொட்டிவிடுவார்கள். கல்துகள் அதோடு போய்விடும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. மாமியார் மருமகளுக்குச் சொன்னார், மருமகள் தன் மகளுக்குச் சொன்னார்.

அந்தக் குரல் இன்று அநேகமாகத் தெருவில் கேட்பதில்லை. வாசலில் நிழல் கிடைத்த இடத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பறக்கும் கல்பொடியை மூச்சோடு சேர்த்து உள்ளே வாங்கிக்கொண்டு செய்த வேலை அது. கருங்கல் தூசி நுரையீரலைக் கெடுத்து சிலிகோசிஸ் என்ற நோயைத் தரும். அந்தத் தொழிலாளியின் பிள்ளை இன்று வேறு வேலைக்குப் போயிருந்தால், அதை நினைத்து வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால், வழுவழுத்துப் போன அம்மியை வைத்திருப்பவர்கள் அதைக் கொத்த ஆள் தேடி அலைகிறார்கள் என்பதும் உண்மை. கல் அப்படியே இருக்கிறது, கொத்தத் தெரிந்த கைதான் குறைந்துவிட்டது.

அம்மி எப்போது ஓரம்கட்டப்பட்டது?

ஒரே நாளில் அல்ல. 1955-ல் கோயம்புத்தூரைச் சேர்ந்த சபாபதி, ஆட்டுக்கல்லை மின்மோட்டாரோடு இணைத்து வெட் கிரைண்டரை உருவாக்கினார். அவர் செய்த மாற்றம் கேட்பதற்கு எளிமையானது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றிவரும். கிரைண்டரில் குழவி இருந்த இடத்திலேயே இருக்கும், கல் சுற்றும். அந்தத் தலைகீழ் மாற்றத்திலிருந்து ஒரு பெரிய தொழிலே வளர்ந்தது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

அறுபதுகளில் இந்தியாவிலேயே மிக்சி தயாரிக்கத் தொடங்கினார்கள். எண்பதுகள், தொண்ணூறுகளில் அது நடுத்தர வீடுகளின் சீர்வரிசையில் இடம்பிடித்தது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு, அதுவரை அம்மியை நம்பியிருந்த வீடுகளிலும் அது கொல்லைப்புறம் போனது.

ஆனால், அம்மி அவ்வளவு சீக்கிரம் தோற்கவில்லை. மிக்சி வந்த அதே ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டில் கடுமையான மின்வெட்டும் இருந்தது. 2012-ல் பல மாவட்டங்களில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப்போட்டபோது, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நாள்களில் முருங்கை மரத்தடியில் கிடந்த அம்மியைக் கழுவி எடுத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

யார் அரைத்தார்கள்?

“அம்மியில் அரைத்த குழம்பு மாதிரி வருமா?” என்று ஏக்கத்தோடு கேட்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கொஞ்சம் உற்றுக் கவனித்தால், அவர்களில் பலர் அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்கள், அரைத்தவர்கள் அல்ல.

பத்துப் பேர் உள்ள கூட்டுக் குடும்பத்தில் மூன்று வேளைக்கும் அரைக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் என்றால் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். மிளகாய் அரைத்த கை ராத்திரி முழுக்க எரியும். பச்சைக் குழந்தையைத் தொடவும் யோசிப்பார்கள். தோளும் இடுப்பும் முட்டியும் விட்டுப்போகும். இத்தனைக்கும் அதற்குக் கூலி கிடையாது, லீவு கிடையாது, ‘இன்றைக்கு முடியவில்லை’ என்று சொல்லும் உரிமையும் பல வீடுகளில் கிடையாது.

மிக்சி வந்தபோது அந்தப் பெண்களுக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது மிச்சமானது. அந்த நேரத்தில் ஒருவர் வேலைக்குப் போனார், ஒருவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், ஒருவர் சும்மா கொஞ்சம் படுத்துத் தூங்கினார். மூன்றுமே நல்ல விஷயம்தான். எனவே, அருங்காட்சியகத்தில் அம்மியைப் பார்த்து ஒரு பாட்டி கண்கலங்கினால், ‘பழைய காலம் திரும்ப வேண்டும் என்று ஏங்குகிறார்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவரைக் கேட்டால், “அப்பாடா, அந்தப் பாடு தொலைஞ்சுது” என்று சொல்லவும் கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

கல்லை விட்டாலும் சொல் விடவில்லை

அடுப்படியிலிருந்து வெளியேறிய அம்மி, பேச்சிலிருந்து வெளியேறவில்லை. ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்று அம்மியைத் தொட்டே பார்க்காதவர்களும் சொல்கிறார்கள். ஆடி மாதக் காற்று வீசினால், ‘அம்மியே பறக்குது’ என்கிறார்கள். யாராவது ஏமாற்றினால், ‘என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறான்’ என்கிறார்கள்; மிளகாய் அரைத்த கையின் எரிச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் முழுக் காரமும் புரியும்.

கல்யாண மண்டபத்திலும் அம்மி உண்டு. ஃபிளாட்டில் வாழப் போகும் பெண்ணும் அம்மி மேல் கால் வைக்கிறாள். மாப்பிள்ளை மெட்டி போட்டுவிடுகிறார். கல்லைப் போல உறுதியாக இரு என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். அடுத்து, சப்தரிஷி மண்டலத்தில் இருக்கும் அருந்ததியைப் பட்டப்பகலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அம்மியோடு தொடர்பு ஏற்படுகிறது. அதுவும் கையால் அல்ல, காலால்!

குழவி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் குழந்தை என்றும் பொருள் உண்டு. சில வீடுகளில் தொட்டில் போடும் நாளன்று, குழந்தைக்கு முன்னால் குழவிக்கல்லைத் தொட்டிலில் இட்டு ஆட்டும் வழக்கம் இருந்தது. குழந்தை கல் போலத் திடமாக, நீண்ட ஆயுளோடு வளர வேண்டும் என்ற ஆசை. அரைக்கும் கல்லை வெறும் கருவியாகப் பார்க்காததால்தான், ‘அம்மி மேல உட்காராதே’ என்று பிள்ளைகளை அதட்டினார்கள்.

அடுத்து யாருடைய முறை?

இன்று அம்மி வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது. கைக்கு அடக்கமான குட்டி அம்மி ஆன்லைனில் கிடைக்கிறது. ‘அம்மியில் அரைத்த மசாலா’ என்று ஹோட்டல் வாசலில் போர்டு தொங்குகிறது. வரவேற்பறையில் பூ போட்டு வைக்கும் அலங்காரப் பொருளாகவும் அம்மியும் உரலும் மாறியிருக்கின்றன.

இதே வேகத்தில் போனால், இன்னும் அறுபது எழுபது ஆண்டுகளில் ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில் இப்படியும் ஒரு குறிப்பு இருக்கலாம்:

‘பொருள்: மிக்சி. ஒரு மோட்டார், மூன்று ஜார். இதை இயக்கும்போது எழும் சத்தத்தில் வீட்டில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், டிவி பார்ப்பவர்கள் வால்யூமைக் கூட்டுவார்கள். சின்ன ஜாரின் மூடி எப்போதும் காணாமல் போயிருக்கும். பெரிய ஜாரை என்றைக்கோ ஒருநாள் ஜூஸ் போட மட்டும் எடுத்தார்கள். இயங்காவிட்டால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பார்ப்பது அக்கால மக்களின் வழக்கம்.’

அன்றைக்கு ஒரு பாட்டி அதன் முன்னால் நின்று, “எங்க அம்மா தினமும் காலைல இதுலதான் சட்னி அரைப்பாங்க. அந்தச் சத்தத்துலதான் நான் கண்ணு முழிப்பேன்” என்று பேரனிடம் சொல்லக்கூடும். இன்று எரிச்சலூட்டும் அந்தச் சத்தம், அன்று அவருக்கு அம்மாவின் ஞாபகமாக இருக்கும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்துகளில் போய் முட்டுக்காட்டில் இறங்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்பு போனால் வீடுகளை நிதானமாகப் பார்க்கலாம். குழந்தைகள் மண்பாண்டம் செய்து பார்க்கவும் வாய்ப்பு உண்டு. நடக்க வேண்டியிருக்கும் என்பதால் முதியவர்களுக்கு வசதியான செருப்பும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.

முடிந்தால் வீட்டுப் பெரியவர்கள் ஒருவரையாவது கூட அழைத்துப்போங்கள். அங்கே எழுதிவைத்த குறிப்புகளில் இல்லாத பலவற்றை அவர்கள் சொல்வார்கள். எந்தப் பக்கம் உட்கார வேண்டும், தண்ணீர் எவ்வளவு தெளிக்க வேண்டும், உப்பு எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத்தான் தெரியும். கல்லைப் பத்திரப்படுத்த அருங்காட்சியகம் இருக்கிறது. கைக்குத் தெரிந்ததைப் பத்திரப்படுத்த, பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறையாவது அரைத்துப் பார்க்க வேண்டும்.

கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லாகவோ, பூந்தொட்டிக்கு அடியிலோ ஓர் அம்மி கிடந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவி எடுங்கள். ஒரு மூடி தேங்காய், நாலு மிளகாய், கொஞ்சம் புளி, உப்பு போதும். ஒரு நாளைக்கு வீட்டு ஆண்களே அரைக்கட்டும். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் அழுத்துப்பா” என்று சொல்லட்டும்.